வளர்ந்த தாடையும் நகரும் பற்களும்

பல் சீரமைப்புப் பிரிவுக்கு வரும் பெரியவர்கள் பலரும் கேட்பது ஒன்றே: "அறுவை சிகிச்சை இல்லாமல், கிளிப் மட்டும் போட்டுத் தாடையைச் சரி செய்ய முடியுமா?" வளர்ச்சி நின்றுவிட்ட தாடை எலும்பின் அளவைக் கிளிப்பினால் மாற்ற இயலாது, பற்களின் இடத்தை மாற்ற இயலும். குறைபாடு சிறிதாகவோ நடுத்தரமாகவோ உள்ள பலருக்கு அதுவே போதுமானதாக அமைகிறது.

தாடை வளர்ச்சி பெண்களுக்கு ஏறக்குறைய 16 வயதிலும், ஆண்களுக்கு 18 முதல் 20 வயதுக்குள்ளும் பெரும்பாலும் நிறைவடைகிறது. அதற்கு முன்பு வளர்ச்சியையே ஓரளவு வழிநடத்தும் கருவிகள் உண்டு. பின்னர் அவற்றால் பயனில்லை. ஆனால் பல் எந்த வயதிலும் நகரும். வேரைச் சுற்றியுள்ள மெல்லிய தசைநார்ப் படலத்தின் மீது இலேசான அழுத்தம் தொடர்ந்து விழும்போது, ஒரு பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் இந்த நகர்வு. சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் நீடிப்பதன் காரணம் இதுவே.

கீழ்த்தாடை சற்றுச் சிறிதாக இருப்பதால் மேல் முன்பற்கள் துருத்தித் தெரிபவரை எடுத்துக்கொள்வோம். கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள சிறு கடைவாய்ப்பல்லை மேல்வரிசையில் பக்கத்துக்கு ஒன்றாக அகற்றினால், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். அவ்விடத்தைக் கொண்டு முன்பற்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன. கடி பொருந்திவிடும், உதடுகள் சிரமமின்றி மூடும். தாடையின் வேறுபாடு நீங்கவில்லை, பற்களால் மறைக்கப்பட்டிருக்கிறது. மோவாய் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதை நோயாளி முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். மூக்கு எடுப்பாகவும் மேலுதடு மெலிந்தும் உள்ளவருக்கு உதடு மேலும் உட்சென்று முகத்தோற்றம் குன்றவும் கூடும். கடி மட்டுமே அளவுகோலாகிவிடக் கூடாது.

கீழ்த்தாடை முன்தள்ளித் தோன்றும் எல்லோருக்கும் எலும்பில் குறை இருப்பதில்லை. சிலருக்கு முன்பற்கள் இரண்டு தவறான கோணத்தில் முளைத்து ஒன்றோடொன்று முட்டுவதால், வாயை முழுமையாக மூடுவதற்குத் தாடை முன்னோக்கி வழுக்குகிறது. மருத்துவர் தாடையை மெல்லப் பின்னுக்குக் கொண்டுசெல்லும்போது முன்பற்களின் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டால், அது நல்ல அறிகுறி. முட்டும் பற்களைச் சரி செய்தால் தாடை தன் இயல்பான இடத்துக்குத் திரும்பும்.

பின்பற்கள் கடித்தபோதும் முன்பற்கள் சந்திக்காத 'திறந்த கடி'க்கு முன்பெல்லாம் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்பட்டது. இப்போது, ஈற்றின் வழியே எலும்பில் பொருத்தப்படும் டைட்டானியக் கலவையாலான சிறு திருகாணிகளைப் பிடிமானமாகக் கொண்டு மேல் கடைவாய்ப்பற்களைச் சற்று மேலேற்ற முடிகிறது. பின்னால் இருந்த தடை குறைந்ததும், கீலில் சுழலும் கதவுபோலக் கீழ்த்தாடை மேல்நோக்கிச் சுழன்று முன்பக்க இடைவெளி மூடுகிறது. திருகாணி பொருத்த அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். வேலை முடிந்ததும் அது அகற்றப்படும்.

சிகிச்சையைத் தொடங்குமுன் முடிவு செய்தே ஆகவேண்டியது ஒன்று உண்டு. தாடைகள் பொருந்தாதபோது அதை ஈடுசெய்யப் பற்கள் தாமாகவே சாய்ந்துகொள்கின்றன. அறுவையில்லாச் சீரமைப்பு அந்தச் சாய்வைக் கூட்டுகிறது. அறுவைக்கு முந்தைய சீரமைப்போ அதை நிமிர்த்துகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள். அகற்றப்படும் பற்களும் பெரும்பாலும் வேறு வேறு. "முதலில் கிளிப் போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் அறுவை" என்று தொடங்கினால், சென்ற வழியெல்லாம் திரும்பிவர நேரும். எடுத்த பல்லோ திரும்பி வராது. ஆகவே முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அளவுகள் பார்க்கப்படும்போது இரு வழிகளையும் விளக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தாலும், மோவாயின் தோற்றம் மாறவேண்டும் என்பதே உங்கள் முதன்மை விருப்பமாக இருந்தாலும், அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பது நேர்மையான ஆலோசனை ஆகாது. தாடை மூட்டில் சத்தமும் வலியும் உள்ளவர்கள், கிளிப் அவற்றை நீக்கிவிடும் என்று எண்ணிச் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஈறுகளே பெரும் கவலை. ஈறு நோய் கட்டுக்குள் வராமல் பற்களை நகர்த்தினால் எலும்பு மேலும் தேயும். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், எலும்பு அடர்த்திக் குறைவுக்காக எடுக்கும் மாத்திரை அல்லது ஊசி ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள்.

கிளிப் கழற்றிய பின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்ப முனையும். ரிட்டெய்னரை மருத்துவர் கூறும் காலம்வரை, பலருக்கு ஆண்டுக்கணக்கில், இரவில் அணிய வேண்டியிருக்கும். சில நாள் விட்டு அணியும்போது அது இறுக்கமாக இருந்தால், பற்கள் நகரத் தொடங்கிவிட்டன என்று பொருள். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள்.