கிட்டார் வார்ப் பூட்டு: சிறிய சரக்கு, பெரிய பொறுப்பு

பிள்ளையார்பாளையத்தில் தறியும் ஜரிகையும் இருக்க, கிட்டார் வாருக்குப் பூட்டு வாங்குவதைப் பற்றி எழுதுவானேன் என்று உறுப்பினர்களில் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. திருவிழா மேடைகளில் பாடும் மெல்லிசைக் குழுக்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், கல்லூரி மாணவர்கள் என்று கிட்டார் வாசிப்போர் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கம்பி, பிக், வார் போன்ற உதிரிச் சாமான்களை இசைக் கருவிக் கடைகள் மட்டுமல்லாமல் மின்சாதனக் கடைகளும் பேன்சி ஸ்டோர்களும்கூட வைக்கின்றன. ஆனால் வார் வாங்க வருபவரிடம் "பூட்டு வேண்டுமா?" என்று கேட்கும் கடைக்காரர் அபூர்வம். அவர் அதை இணையத்திலோ, சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் நடந்துவரும் மியூசி மியூசிகல் போன்ற பெரிய கடையிலோ வாங்கிக்கொள்கிறார். அந்த வியாபாரம் நம் கல்லாவுக்கு வருவதில்லை.

முன்பெல்லாம் நம் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிப்பவர் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்தே வாசிப்பார். கருவி மடியில் இருக்கும்; வாருக்குப் பெரிய வேலை இல்லை. இப்போது இளைஞர்கள் நின்றும் நடந்தும் குதித்தும் வாசிக்கிறார்கள். மின்சார கிட்டார் சுமார் மூன்றரைக் கிலோ, பேஸ் கிட்டார் நான்கைத் தாண்டும். அந்த எடை முழுவதும் இரண்டு பொத்தான்களில் தொங்குகிறது. வாரின் முனையில் உள்ள தோலில் சாவித் துவாரம் போல ஒரு கீறல் இருக்கும். அதைப் பொத்தானில் மாட்டுவதோடு சரி, வேறு பிடிமானம் கிடையாது. புதுத் தோல் விறைப்பாக இருக்கும்வரை கவலையில்லை. மாட்டிக் கழற்றி ஓராண்டு ஈராண்டில் துவாரம் இளகிவிட்டால், வாசிப்பவர் குனிந்து நிமிரும்போது வார் ஒரு நொடி தொய்ந்தாலே கழன்றுவிடும்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. கிப்சன் வகைக் கருவிகளில் தலைப்பகுதி பின்புறம் சாய்ந்திருக்கும். கழுத்து மரம் அந்த இடத்தில் மெலிந்திருப்பதால் பெரும்பாலும் அங்கேயே முறியும். ஃபெண்டர் வகையில் தலை நேராக இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. ஆனால் ஒயர் செருகிய ஜாக் தரையில் இடித்தால் அதைச் சுற்றியுள்ள மரமோ தகடோ பிளக்கலாம். கச்சேரி செய்து பிழைப்பவருக்கு இது பழுதுச் செலவோடு முடிவதில்லை. அந்த வாரத்துக் கச்சேரிகளும் போய்விடும்.

பட்டுச் சேலையை நம் ஊரில் எப்படிப் பார்க்கிறோம்? உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் இழுத்துப் பார்க்கிறோம். இந்தச் சரக்கிலும் சேர்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். பளபளப்பும் பெட்டியும் அப்புறம்.

மலிவான வழி ரப்பர் வளையம். ஹாலந்து நாட்டு கிரோல்ஷ் பீர் பாட்டிலின் மூடியில் வரும் தடித்த ரப்பர் வளையத்தை வெளிநாட்டுக் கலைஞர்கள் வாரின் மேல் பொத்தானில் மாட்டி வாசித்தார்கள். பிறகு அதே மாதிரி வளையங்களைக் கருவி நிறுவனங்களே விற்கத் தொடங்கின. கருவியில் எந்தத் திருகையும் தொட வேண்டியதில்லை. மாணவர்களுக்கு இது போதும் என்பதே நம் அபிப்பிராயம். ஒன்றே குறை: நம் வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்லி விற்றால் வாடிக்கையாளர் மறுபடி நம்மிடமே வருவார். இருக்கும் பொத்தானிலேயே கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் பூட்டுகளும் உண்டு. ஆனால் பொத்தான்களின் அளவு கருவிக்குக் கருவி மாறுவதால், வாங்குபவரின் கிட்டாரில் மாட்டிப் பார்க்காமல் இதை விற்க வேண்டாம்.

உண்மையான பூட்டு என்பது கருவியின் பழைய பொத்தானை எடுத்துவிட்டு வேறு பொத்தான் பொருத்துவது. இதில் இரண்டு பெயர்கள் பிரசித்தம். ஜெர்மனியின் ஷாலர் நிறுவனப் பூட்டில், வாரில் பொருத்திய கவ்வி பொத்தானைச் சுற்றி அமரும். ஸ்பிரிங் வைத்த ஊசியை இழுத்தால்தான் விடும். இதைப் பொருத்தும்போது கவ்வியின் வாய் மேலே பார்க்க வேண்டும். நம் 'ப' எழுத்து போல என்று சொன்னால் பையன்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அப்படி இருந்தால் ஊசி பழுதானாலும் எடை கவ்வியின் அடியில் தங்கும். தலைகீழாக மாட்டினால் முழு எடையும் அந்தச் சிறு ஊசியின் மேல்தான். பழைய மாதிரியில் வாரைப் பிடிக்கும் நட்டு ஆடி ஆடித் தளரும் என்ற புகார் உண்டு. எஸ்-லாக் என்னும் புதிய மாதிரியில் நட்டைப் பிடிக்க ஒரு சிறு ஆலன் திருகு வைத்திருக்கிறார்கள். கொள்முதலின்போது இதைக் கேட்டு வாங்கவும்.

அமெரிக்காவின் டன்லப் பூட்டு வேறு விதம். வாரில் உள்ள தண்டு பொத்தானின் குழிக்குள் நுழைந்து, சிறு குண்டுகளால் பிடித்துக்கொள்ளும். நடுவிலுள்ள பித்தானை அழுத்தினால் கழலும். மாட்டக் கழற்ற இது சுலபம். ஆனால் வாரின் பக்கம் இதைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய கிளிப் வளையம். அது பள்ளத்தில் சரியாக அமராவிட்டால் தெறித்துவிடும். அமர்ந்ததா என்பதை விரலால் சுற்றிப் பார்த்த பிறகே வாரைக் கையில் கொடுக்க வேண்டும்.

ஒன்றின் கவ்வி மற்றதன் பொத்தானில் சேராது. இதில்தான் வியாபாரியின் புத்தி இருக்கிறது. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக் கலந்து வைப்பதைவிட, ஒன்றை முடிவு செய்து அதன் இருப்பைத் தொடர்ந்து வைத்திருப்பது மேல். இரண்டு கிட்டார் வைத்திருப்பவருக்கு ஒரே வார் போதும். இன்னொரு கருவிக்குப் பொத்தான்கள் மட்டும் வேண்டும். ஷாலர் பொத்தான்கள் தனியாகக் கிடைக்கின்றன. அவற்றை இருப்பு வைத்தவரிடமே அடுத்த விற்பனை வரும். தடித்த தோல் வார் வைத்திருப்பவருக்கு நீளத் தண்டுள்ள மாதிரி தேவைப்படலாம். எனவே பூட்டு வாங்க வருபவரை வாரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பிக்கப் வைத்த சாதாரண மரக் கிட்டார்களில் சில, அடிப் பொத்தானிலேயே ஒயர் செருகும் துவாரம் கொண்டவை. அவற்றுக்கு வழக்கமான பூட்டு பொருந்தாது. ரப்பர் வளையம் கொடுத்து அனுப்புவதே நேர்மை.

அச்சு அசலாக அதே உருவில் பெயரில்லாத பூட்டுகள் சில நூறு ரூபாய்க்கு வருகின்றன. எல்லாம் மோசம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பரிசோதிக்காமல் டஜன் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரு மரத்துண்டில் பொத்தானைத் திருகி, வாரில் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டு நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஐம்பது தடவை மாட்டிக் கழற்றிய பிறகும் ஸ்பிரிங் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை.

இனி மரத்தின் விஷயம். நல்ல பூட்டே ஆனாலும் திருகு பிடிக்காவிட்டால் பயனில்லை. பல சமயம் கழல்வது பூட்டு அல்ல, திருகு. புதிய பொத்தானோடு வரும் திருகு பழைய துவாரத்தைவிட மெலிந்திருந்தால், முதல் நாள் இறுகியது போலத் தோன்றி நான்காம் கச்சேரியில் கையோடு வரும். அப்போது கெட்டி மரக்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்துத் துவாரத்தில் அடைத்து, ஒருநாள் காயவிட்டு, திருகைவிட மெல்லிய டிரில் பிட்டால் துளையிட வேண்டும். திருகின் மரையில் சிறிது மெழுகோ சோப்போ தடவி, கையால் முடுக்கவும். மின்சார டிரில்லால் முடுக்குவது மரத்தைப் பிளக்கும் அல்லது திருகின் தலையை அறுக்கும்.

பொருத்திக் கொடுக்கும் கடைக்காரர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் நியாயமான கவனம் செலுத்தாமல் அதனால் தீங்கு நேர்ந்தால் விற்பவரையும் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தைக் கடைக்காரர் தம் வாயால் தந்தாலும் அப்படியே. "விழவே விழாது, நான் கேரண்டி" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுவது உத்தமம். பில்லில் மாதிரியின் பெயரையும், நாம் பொருத்தினோமா வாடிக்கையாளரே பொருத்திக்கொள்கிறாரா என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். நாமே பொருத்தினால் கூலியைத் தனியே போடலாம், யாரும் மறுப்பதில்லை.

ஒரு மாதம் கழித்துக் கருவியைக் கொண்டுவரச் சொல்லி, நட்டையும் திருகையும் இலவசமாக ஒருமுறை முடுக்கிக் கொடுங்கள். வந்தவர் கம்பியோ பிக்கோ வாங்காமல் போகமாட்டார்.