விம்: எலியைத் தொடாமல் நிரல் எழுத

விம் திறந்ததும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "டீச்சர், இதுல இருந்து எப்படி வெளிய வர்றது?" எஸ்கேப் தட்டி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். ஆனா எழுதியது சேமிக்கப்படாது. எழுதியது வேணும்னா முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ, என்டர். எல்லாம் சிறிய எழுத்து.

குழப்பத்துக்குக் காரணம், இங்கே ஒரே விசைக்கு இரண்டு வேலை. திறந்தவுடன் இருப்பது கட்டளை நிலை. டி விசையை இருமுறை தட்டினால் ஒரு வரியே போய்விடும். யு தட்டினால் திரும்ப வரும். ஐ தட்டிய பிறகுதான் எழுத முடியும். எஸ்கேப் மறுபடி கட்டளை நிலைக்குக் கொண்டுவரும். கட்டளைகள் வாக்கியம் மாதிரி சேரும்: டி என்றால் நீக்கு, டபிள்யூ என்றால் சொல். டி, 3, டபிள்யூ என்றால் மூன்று சொல் நீங்கும். வினை, செயப்படுபொருள் என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்க, நம்ம பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நகர்வதற்கு எச், ஜே, கே, எல். 1976இல் விஐ எழுதிய பில் ஜாயின் முனையத்தில் அம்புக்குறிகள் அந்த விசைகள்மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன.

நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதுபவர்கள் கவனிக்க: எஸ்கேப் தட்டியும் விசைப்பலகை அஞ்சலிலேயே இருந்தால் கட்டளைகள் வேலை செய்யாது. ஆங்கிலத்துக்கு மாத்திட்டுத் தட்டுங்க.

பயிற்சிக்கு, முனையத்தில் விம்டியூட்டர் என ஆங்கில எழுத்தில் தட்டினால் அரைமணி நேரப் பாடம் ஒன்று வரும். தேர்வு வாரத்தில் மட்டும் தொடங்க வேணாம். கை பழகும்வரை வேகம் குறையத்தான் செய்யும்.