வானொலி இல்லாத படகு

இங்கிலாந்தின் மோரிஸ் பெய்லியும் மனைவி மாரலினும் வீட்டை விற்று, 31 அடிப் பாய்மரப் படகொன்றில் 1972-ல் நியூசிலாந்துக்குப் புறப்பட்டார்கள். கரையின் தொந்தரவே வேண்டாமென்று, செய்தி அனுப்பும் வானொலிக் கருவியை மோரிஸ் எடுத்துச் செல்லவில்லை. துணிச்சலா, பிடிவாதமா?

1973 மார்ச் 4 அன்று பசிபிக்கில் திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கியது. காற்றடைத்த மிதவையும் அதனோடு கட்டிய சிறு ரப்பர் படகுமே மிச்சம். ஊக்கை வளைத்துத் தூண்டில் செய்தார்கள். மழைநீரைக் குடித்தார்கள்; ஆமை இறைச்சியைப் பச்சையாகவே தின்றார்கள். கூப்பிட வழியில்லை, ஏழு கப்பல்கள் கவனியாமலே கடந்தன. மனம் தளர்ந்த மோரிஸைத் தாங்கியவர், நீச்சல் தெரியாத மாரலின். அடுத்த படகு எப்படியிருக்க வேண்டுமென்று மிதவையிலேயே திட்டம் போட்டாராம்!

117 நாட்களுக்குப் பின், ஜூன் 30-ல் கொரிய மீன்பிடிக் கப்பலொன்று அவர்களை மீட்டது. மாரலின் திட்டமிட்ட அந்த அடுத்த படகில் இருவரும் படகோனியாவுக்குப் போனார்கள்.