கம்பவுண்டர் போனார், கலவை போகவில்லை

அறுபது, எழுபதுகளில் டாக்டரிடம் போகிறவர்கள் ஒரு காலிச் சீசாவைக் கழுவிக் கையோடு எடுத்துப் போவார்கள். டாக்டர் துண்டுச் சீட்டில் இரண்டு வரி கிறுக்குவதோடு சரி. மற்றதெல்லாம் மரத்தடுப்புக்குப் பின்னால் இருக்கும் கம்பவுண்டரின் ராஜ்யம். வாய்வுத் தொல்லை என்றால் சோடா உப்பு, இஞ்சி டிங்சர், ஏலக்காய் டிங்சர் எல்லாம் அளந்து ஊற்றித் தண்ணீர் சேர்ப்பார். அந்த மிக்சருக்கு ரோஸ் நிறம் தந்தது ஏலக்காய் அல்ல, டிங்சரில் சேர்ந்திருந்த கொச்சினீல் என்ற பூச்சியின் சாயம். சைவக் குடும்பங்கள் அறியாமல் குடித்தன, பாவமில்லை.

பிறகுதான் நேர்த்தியான வேலை. நீளமான தாளை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் வெட்டிப் பிரித்தால் பல் பல்லாக வரும். அதைச் சீசாவின் பக்கத்தில் பசை போட்டு ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. ஆறு பல் என்றால் இரண்டு நாள் மருந்து. “குலுக்கிட்டுக் குடிங்க” என்று அவர் சொன்னது சடங்குக்கு அல்ல. கரையாத தூள் அடியில் தங்கிவிடும். குலுக்காதவருக்கு முதல் நாள் வெறும் தண்ணீர், கடைசி வேளைக்கு மொத்த மருந்தும்.

“அந்த மிக்சருக்குக் கேட்ட மாதிரி இப்போ எதுக்கும் கேக்கலை” என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சீசாவில் எழுதியிருக்காது. காய்ச்சலுக்கு மடித்துக் கொடுத்த பொட்டலத்தில் ஆஸ்பிரினோடும் காஃபினோடும் பினாசிட்டின் இருந்தது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரிந்த பிறகு பல நாடுகள் கைவிட்டன. அட்டை மாத்திரையில் மருந்தின் பெயர், அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அச்சாகி வருவது சின்ன விஷயமில்லை.

கல்வமும் தராசும் கடையிலிருந்து மறைந்தன. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, சீட்டுக்கு ஏற்ப மருந்து கலந்து தரும் வசதியும் பதிவு பெற்ற மருந்தாளுநரும் உள்ள கடைதான் ‘பார்மசி’ என்று பலகை வைக்கலாம். இன்று தெருவுக்குத் தெரு அந்தப் பலகை தொங்குகிறது. கலந்து கொடுங்கள் என்று கேட்டுத்தான் பாருங்களேன்.

ஆனால் தொழிற்சாலை எல்லோருக்கும் அளவெடுத்து மருந்து செய்வதில்லை. பயிர்த்தாள் கண்ணில் பட்டு கருவிழியில் புண் வந்த விவசாயிக்குச் சில நேரம் கடைச் சொட்டு மருந்தின் வீரியம் போதாது. கண் மருத்துவமனையில் செஃபசோலின் 500 மில்லிகிராம் ஊசித்தூளை 10 மில்லி கிருமியற்ற கரைசலில் கரைத்து, 5 சதவீதச் சொட்டு மருந்தாக்குவார்கள். குளிர்பெட்டியில் வைத்து, மணிக்கொரு தரம் விட்டு, சில நாளில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். புற்றுநோய் ஊசி மருந்துகளையும் இப்படித்தான் ஆளுக்கேற்ற அளவில், காற்றை வடிகட்டும் பெட்டிக்குள் கலக்கிறார்கள்.

இதய நோயோடு பிறந்த சிசுவின் கதைதான் மோசம். பெரியவர்களுக்கான மாத்திரையில் கால் பங்கு என்று சீட்டு வரும். அதைத் தாய் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே நசுக்கி, தண்ணீரில் கலக்கி, கண்ணால் பிரிக்கிறாள். பயிற்சி பெற்ற கம்பவுண்டரை அனுப்பிவிட்டு, பயிற்சியில்லாத ஒருத்தியை அந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம். பெரிய மருத்துவமனைகளாவது இந்த வேலையை மருந்தாளுநரிடம் திருப்பித் தர வேண்டும்.

திரும்பி வரும்போது பழைய மரத்தடுப்போடு வரக்கூடாது. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு கலவை மருந்தகம் தயாரித்த ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை கலந்து, மூளைக்காய்ச்சலால் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே சட்டம் இறுகியது.

உங்களுக்கு யாராவது மருந்து கலந்து கொடுத்தால், தோலுக்குப் பூசும் களிம்பாகவே இருந்தாலும், என்னென்ன எவ்வளவு சேர்ந்தது, என்று கலந்தது, எத்தனை நாள் தாங்கும், எங்கே வைப்பது என்று கேட்டு, டப்பாவின் மேலேயே எழுதி வாங்குங்கள். குழந்தை மருந்தென்றால் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.