தம் வரலாற்றைத் தாமே எழுதிய மக்கள்

வரலாறு இல்லாத இனம் உலகில் இல்லை. எழுதிவைக்கப்படாத வரலாறுகளே உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதை இவ்வுண்மையை நமக்கு நன்கு புலப்படுத்துகின்றது.

கார்ட்டர் உட்சன் என்னும் அறிஞர் 1875ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, இருபது வயதளவில் உயர்நிலைப் பள்ளியை எட்டிய அவர், 1912இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தம் இனத்தார் ஆற்றிய பணிகள் பாடநூல்களில் இடம்பெறாமை கண்டு வருந்தினார், வருந்தியதோடு நின்றாரில்லை. 1915இல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். 1926 பிப்ரவரியில் 'நீக்ரோ வரலாற்று வாரம்' கொண்டாடச் செய்தார். ஆபிரகாம் லிங்கன், பிரடெரிக் டக்ளஸ் ஆகிய இருவரையும் நினைவுகூரும் நாள்கள் அவ்வாரத்தில் அமைந்தன.

அவ்வாரம் திங்களாக வளர்ந்தது ஒரு பல்கலைக் கழக வளாகத்திலேயாம். ஒகையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக் கழகத்தில் கறுப்பின மாணவரும் ஆசிரியரும் 1969இல் இக்கருத்தை முன்மொழிந்தனர். மறு ஆண்டே விழா நடந்தது. 1976இல் குடியரசுத் தலைவர் போர்டு அதனை ஏற்று, நாட்டு மக்கள் அனைவரும் கொண்டாடுமாறு வேண்டினார்.

"அமெரிக்க விழா அந்தமானில் வாழும் நமக்கு எதற்கு?" என அன்பர் சிலர் வினவலாம். 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவிற்கு வந்தார். பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர் என மாணவர்க்கு அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ந்த தாம், பின்னர் அது மெய்யே என உணர்ந்ததாக அவர் 1965இல் எடுத்துரைத்தார். நிறத்தால் வரும் இழிவும் பிறப்பால் வரும் இழிவும் ஒரு மரத்துக் கிளைகளே. 'கறுப்பு' என்பதை ஏளனச் சொல்லாக வழங்கும் குறை நம் இல்லங்களிலும் உண்டன்றோ? இத்தீவுகளின் தொல்குடியினரைப் பற்றிப் பேசுங்கால் நம் நாவு எப்போதும் மதிப்போடு பேசுகின்றதா?

அம்மக்களின் 'போ' மொழியை அறிந்த கடைசி மூதாட்டியாகிய போவா, 2010 சனவரியில், அந்நாளில் போர்ட் பிளேயர் எனப்பட்ட நம் தலைநகரிலே காலமானார். அவரோடு ஒரு மொழியே மறைந்தது. எழுதப்படாதது எத்துணை விரைவில் அழியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் கதையும் அந்நிலையினதே. இலங்கைத் தோட்டங்களினின்று தாயகம் திரும்பி, கச்சால் தீவில் இரப்பர் மரங்களிடையே வாழ்வைத் தொடங்கிய தமிழ்க் குடும்பங்களின் நினைவுகளுள் பல, முதியோர் நெஞ்சங்களில் மட்டுமே உள்ளன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அத்தீவில் எத்தனையோ உயிர்களைக் கொண்டு சென்றது. அவர்களோடு அவர்தம் கதைகளும் போயின.

இளைஞர்காள்! உங்கள் பாட்டன் பாட்டியர் கப்பலேறிய கதையைக் கேட்டு எழுதிவையுங்கள். கல்லூரியில் ஆண்டுக்கொரு நாளேனும் தொல்குடியினர் உட்பட இத்தீவுகளின் எல்லா மக்களின் வரலாற்றையும் போற்றுங்கள். பிறர் வந்து எழுதுவர் என உட்சன் காத்திருக்கவில்லை. நாமும் காத்திருத்தல் வேண்டா.