மலையேறிய குளோன்

போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகச் சின்னக்கானல் போகிறவர்கள் சாலையோரம் பார்க்கும் ஏலத்திலும் தேயிலையிலும் தாய்ச்செடியின் நகலான குளோன்களுக்குப் பெரும்பங்கு உண்டு. குளோனிங் சரியா தவறா என்ற வாதம் சூடுபிடிக்கும் முன்பே அது இந்த மலையில் குடியேறிவிட்டது.

வாதம் எழுந்தது விலங்குகளை வைத்து. 1996-ல் ஸ்காட்லாந்தில் டோலி என்ற குளோன் செம்மறிக்குட்டி பிறக்க 277 கருமுட்டைகள் தேவைப்பட்டன. 2009-ல் கர்னால் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்த முதல் குளோன் எருமைக்கன்று ஒரு வாரம்கூட உயிரோடு இல்லை. அடுத்துப் பிறந்த கரிமா இரண்டு ஆண்டு வாழ்ந்தது. நல்ல கறவை இனத்தைப் பெருக்கலாம் என்பது லாபம். வழியில் சாகும் உயிர்கள் அதற்கான விலை. மனிதரைக் குளோன் செய்ய நம் நாட்டு ஆராய்ச்சி நெறிமுறைகள் இடம் தருவதில்லை.

செடிக்கு அந்த வலி இல்லை. ஏலப்பூவில் தேனீ மகரந்தம் சேர்ப்பதால் விதைக்கன்று தாயைப் போலவே இருக்காது. நன்றாகக் காய்க்கும் தூரிலிருந்து பக்கக்கன்றைப் பிரித்து நட்டால் தாயின் குணம் அப்படியே வரும். கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த 'ஞள்ளானி' இப்படித்தான் இடுக்கி முழுக்கப் பரவியது. விளைச்சல் கூடியது, போடி ஏலக்காய் ஏல மையத்துக்கு வரும் காயும் பருத்தது.

ஆனால் பக்கக்கன்று நோயையும் சுமந்து வரும். இலையில் வெளிர்கோடு விழும் கட்டே நோய் விதை வழியாகப் பரவாது. நோயுற்ற தூரிலிருந்து எடுத்த கன்று வழியாகப் பரவும். தோட்டம் முழுக்க ஒரே இரகம் என்றால் ஒரு பூச்சியோ நோயோ வந்தால் தடுக்க வேறு குணமுள்ள செடி இருக்காது. தேயிலையிலும் லாபத்தோடு விலையும் உண்டு. வால்பாறை உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த பாண்டியன், சுந்தரம் போன்ற குளோன்களில் கொழுந்து ஒரே சீராக வரும்; பறிக்க எளிது. ஆனால் ஒற்றை இலை கொண்ட தண்டுத் துண்டிலிருந்து வளர்ந்த செடிக்கு விதைத் தேயிலைபோல ஆணிவேர் கிடையாது. கடும் வறட்சியில் அது வாடும் வாய்ப்பு கூடுதல்.

இன்னொரு கேள்வி, உரிமை யாருக்கு என்பது. பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் வந்தது 2001-ல். ஞள்ளானி அதற்கு முன்பே கை மாறிப் பரவிவிட்டது. இன்று புதிய இரகம் கண்டறியும் விவசாயி அதைத் தன் பெயரில் பதிவு செய்ய முடியும். விதையைச் சேமிக்கவும் பகிரவும் அதே சட்டம் இடம் தருகிறது.

குளோனைக் கைவிடச் சொல்வது விளைச்சலைக் கைவிடச் சொல்வது. அதை யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். ஆனால் தோட்டத்தில் ஒரு மூலையையாவது பழைய மலபார், வழுக்கை, மைசூர் இரகங்களுக்கு விட்டுவையுங்கள். நாளைக்கு ஞள்ளானி தோற்றால், அடுத்த இரகத்தை அங்கிருந்துதான் தேட வேண்டியிருக்கும்.