வெட்ட வெட்டப் பகா எண்
ஆரம்பாக்கம், பழவேற்காடு ஏரிக்கரை நேயர்களே, 73939133 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. கடைசி இலக்கத்தை நீக்குங்கள்: 7393913. அதுவும் பகா எண்! தொடர்ந்து நீக்கினால் 739391, 73939, 7393, 739, 73, 7 எனக் கடைசிவரை பகா எண்களே. இந்தக் குணமுள்ள எண்கள் மொத்தமே 83தான். அவற்றில் மிகப் பெரியது இது. முதல் இலக்கத்துக்குப் பின்னால் 1, 3, 7, 9 மட்டுமே வர முடியும். இரட்டைப்படையில் முடிந்தால் இரண்டாலும், 5இல் முடிந்தால் ஐந்தாலும் வகுபட்டுவிடுமே!

இலக்க விளையாட்டு வீண்பொழுதல்ல. நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 6174 என்ற எண்ணின் விந்தையைக் கண்டது அப்படித்தான். உங்கள் படகின் பதிவு எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்து, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.